கணைய அழற்சி தணிந்த பிறகும் ரத்தக்குழாயில் ஏன் பிரச்சினை?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, லாரி ஓட்டுகிறார். ஏழு வாரத்துக்கு முன்னால் மேல்வயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி, முதுகு வரைக்கும் இழுத்தது. கணைய அழற்சி, குடிதான் காரணம் என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது வலி இல்லை. ஆனால் மறுபடி எடுத்த சிடி ஸ்கேனில் கணையத்தின் வால்பகுதியில் 6 செ.மீ. நீர்க்கட்டி, மண்ணீரல் சிரையில் ரத்தம் உறைந்து அடைப்பு என்று எழுதியிருக்கிறது. டாக்டர் ரத்தம் இளக்கும் மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். என் மாமனாருக்குக் காலில் ரத்தம் உறைந்தபோது உடனே மாத்திரை கொடுத்தார்களே, இவருக்கு ஏன் இல்லை? கல்லீரலும் கெட்டுவிட்டதா? அடுத்த மாதம் கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம், அவர் போயே ஆகவேண்டும் என்கிறார். போகலாமா? எழுத மறந்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை அவருக்கு மலம் கறுப்பாகப் போனது. இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டார்.
சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் மறந்துபோய்க் கடைசியில் சேர்த்த அந்த வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டேன். கடிதம் கிடைத்த அன்றே, மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அவரை அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ஸ்கேன் அறிக்கையைக் கையில் எடுத்துப் போங்கள் என்று தனியாக எழுதினேன், நீங்களும் தாமதிக்காமல் போனீர்கள். அட்மிட் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் குறையவில்லை, தமனிகளைப் பார்ப்பதற்கென்றே எடுக்கும் சிடி ஸ்கேனில் கசிவு எதுவும் இல்லை, எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் மேல்பகுதியில் சில சிரைகள் புடைத்திருக்கின்றன, ஆனால் அவற்றிலிருந்து ரத்தம் வந்த அடையாளம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதில், ஒன்றுமில்லாததற்குப் போய் அலைந்து செலவு செய்துவிட்டோம், அவர் கோபித்துக்கொள்கிறார் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள்.

வீண் அலைச்சல் இல்லை. அடுத்த முறை இப்படி வந்தாலும் போகத்தான் வேண்டும். ஏன் என்று விளக்குகிறேன், முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. தலைப்பகுதி வலது பக்கம் முன்சிறுகுடலின் வளைவுக்குள், வால்பகுதி இடது பக்கம் மண்ணீரலைத் தொடுகிற தூரத்தில். வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களில் பல இதை ஒட்டித்தான் ஓடுகின்றன. மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கணையத்தின் மேல் ஓரமாக வளைந்து வளைந்து போகிறது. மண்ணீரலிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை கணையத்தின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது, இடையில் தடுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்தச் சிரை கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் சிறுகுடலிலிருந்து வரும் பெரிய சிரையோடு சேர்ந்து, போர்ட்டல் சிரை என்று ஒரே குழாயாகிக் கல்லீரலுக்குள் போகிறது.

கணையம் சுரக்கும் நொதிகள் நாம் சாப்பிடும் இறைச்சியையும் கொழுப்பையும் கரைப்பவை. சாதாரணமாக அவை குடலுக்குள் போன பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். அழற்சி வந்தால் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, சுற்றியுள்ள திசுவையும் சேர்த்துத் தின்கின்றன. அதில் எலாஸ்டேஸ் என்று ஒரு நொதி, ரத்தக்குழாய்ச் சுவருக்கு நெகிழ்வு கொடுக்கும் இழைகளையே உடைக்கக் கூடியது. அப்படியானால் பக்கத்தில் ஓடும் குழாய்களுக்கு என்ன ஆகும்? சிரைகளின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. வீக்கத்திலும் நீர்க்கட்டியின் நெருக்குதலிலும் அவை நசுங்கும், உள்ளே ஓட்டம் மெதுவாகும், ரத்தம் உறைந்துவிடும். தமனிகளில் அழுத்தம் அதிகம், அதனால் அவை அடைபடுவது குறைவு, அரிக்கப்பட்டு உடைவதுதான் பயம். ஒரே நோய், ஒரு பக்கம் உறையவைக்கிறது, இன்னொரு பக்கம் கசியவைக்கிறது. உங்கள் கணவரின் டாக்டர் மாத்திரை எழுதத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் சிரையைப் பற்றி. கணைய அழற்சி வந்தவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு மண்ணீரல் சிரையில் இப்படி ரத்தம் உறைகிறது, ஆகவே இது அபூர்வமான ஒன்று இல்லை, அதுவும் கட்டி வால்பகுதியில் இருக்கும்போது எதிர்பார்க்கக் கூடியதுதான். பாதிப் பேருக்கு மேல் தெரியாமலே இருக்கும், வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். அடைப்பு விழுந்ததும் மண்ணீரல் ரத்தத்துக்கு வேறு வழி வேண்டும். இரைப்பையின் மேல்பகுதிக்கும் மண்ணீரலுக்கும் நடுவில் சின்னச் சின்னச் சிரைகள் இருக்கின்றன, ரத்தம் அவற்றில் ஏறி இரைப்பைச் சுவர் வழியாகச் சுற்றிக்கொண்டு போர்ட்டல் சிரையை அடைகிறது. அவ்வளவு ரத்தத்தைத் தாங்குவதற்கு அமைந்தவை அல்ல அந்தச் சிரைகள், அதனால் புடைத்துக்கொள்கின்றன. எண்டோஸ்கோப்பியில் பார்த்தார்களே, அது இதுதான்.

கல்லீரல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் தேடினால் இரைப்பையில் சிரை புடைப்பு என்றாலே கல்லீரல் சுருக்க நோய் என்றுதான் முதலில் வரும், பயந்துபோயிருப்பீர்கள். இங்கே அப்படி இல்லை. கல்லீரல் சுருக்கத்தில் போர்ட்டல் சிரை முழுவதும் அழுத்தம் ஏறும், இவருக்கு இடது பக்கத்தில், மண்ணீரலுக்கு வெளியே வரும் ஒரே ஒரு சிரையில்தான் அடைப்பு. கல்லீரல் ரத்தச் சோதனைகள் சரியாக இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடிப்பவர் என்பதால் கல்லீரலைத் தனியாகவும் ஒரு கண் வைத்துப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். இந்தப் புடைப்பை வைத்துக் கல்லீரல் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் மாமனாரின் கால். காலில் உறைந்த ரத்தம் பிய்ந்துகொண்டால் நேராக இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும், சில நிமிடத்தில் உயிரை எடுக்கக் கூடியது, அதனால்தான் உடனே மாத்திரை. மண்ணீரல் சிரையின் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது, நுரையீரலுக்கு நேர்வழி இல்லை. மண்ணீரல் சிரை மட்டும் அடைபட்டிருந்தால் அந்த அவசரம் கிடையாது. சிலருக்கு அழற்சி தணியத் தணிய மாத்திரை இல்லாமலே குழாய் திறந்துகொள்கிறது, சிலருக்கு மாத்திரை கொடுத்தும் திறப்பதில்லை. அப்படி நிச்சயமில்லாத ஒரு பலனுக்காக, பக்கத்தில் நொதி நிறைந்த கட்டியும் இரைப்பையில் புடைத்த சிரைகளும் இருக்கிற ஒருவருக்கு ரத்தம் உறையாமல் செய்வதா என்பதுதான் கேள்வி. டாக்டர்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேறு மருத்துவமனையில் கேட்டால் வேறு பதில் கிடைக்கலாம், அதனால் யாரோ ஒருவர் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் உறைவு மண்ணீரல் சிரையைத் தாண்டிப் போர்ட்டல் சிரைக்கோ சிறுகுடல் சிரைக்கோ பரவினால் கணக்கு மாறும். குடலுக்கு ரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து வரும்போது, கசிவு ஆபத்தையும் தெரிந்துகொண்டே பலரும் மருந்து கொடுப்பார்கள். எனவே அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, 'உறைவு அதே இடத்தில்தான் இருக்கிறதா, போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா?' என்பதைத்தான். என்னிடம் கேட்டால், இப்போதைய நிலையில் மருந்து வேண்டாம் என்ற முடிவை நானும் எடுத்திருப்பேன்.

தமனி விஷயத்துக்கு வருகிறேன், என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். நொதிகள் தமனிச் சுவரை வெளியிலிருந்து அரிக்கும்போது ஒரு இடத்தில் சுவர் முழுவதும் போய்விடலாம். வெளியே வந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுவோ நீர்க்கட்டியின் சுவரோ தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும். இப்படித் தமனிக்கு வெளியே, தமனியோடு தொடர்பு அறாமல், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ரத்தம் வந்து மோதும் ஒரு பைக்குத்தான் சூடோஅனியூரிசம் என்று பெயர். மண்ணீரல் தமனியில்தான் அதிகம் வரும், அடுத்தபடியாகக் கணையத்தின் தலைப்பக்கமுள்ள தமனிகளில். அழற்சி வந்த சில வாரத்திலும் வரலாம், வலியெல்லாம் போய் ஆள் வேலைக்குத் திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகும் வரலாம், நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கு வருடங்கள் கழித்தும் வரலாம். வலி இல்லை என்பதை வைத்து இது இல்லை என்று சொல்ல முடியாது. உடைந்து, சிகிச்சையும் கிடைக்காமல் போனால் 90 விழுக்காடு வரை உயிரிழப்பு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பயமுறுத்துவதற்காக இந்த எண்ணைச் சொல்லவில்லை, உடைவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் இது பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது என்பதால் சொல்கிறேன்.

பெரிய கசிவு வருவதற்குச் சில மணி நேரமோ சில நாளோ முன்னால், பலருக்கு ஒரு சின்னக் கசிவு வந்து தானாகவே நின்றுவிடும். ஒரு நாள் மலம் கறுக்கும், மறுநாள் சரியாகிவிடும். அல்லது கொஞ்சம் ரத்த வாந்தி, லேசான தலைச்சுற்றல், அப்புறம் ஒன்றுமில்லை. கிடைக்கும் எச்சரிக்கை அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கறுப்பாகப் போய் புதன்கிழமை சரியாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் ஏன் பதறினேன் என்று இப்போது புரிந்திருக்கும். இரும்பு மாத்திரையாகவும் இருக்கலாம், புடைத்த சிரையாகவும் இருக்கலாம், தமனியாகவும் இருக்கலாம், வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

இதில் இன்னொரு வகை இருக்கிறது, டாக்டர்களையே அலையவைப்பது. உடைந்த தமனி கணையக் குழாய்க்குள் கசிந்து, அங்கிருந்து ரத்தம் முன்சிறுகுடலுக்குள் இறங்கும். என்னிடம் வந்த ஒரு நோயாளிக்கு, நாள்பட்ட கணைய அழற்சிக்காரர், அவ்வப்போது மேல்வயிறு கனத்து வலி ஏறிக்கொண்டே போகும், பிறகு மலம் கறுப்பாகப் போகும், போனதும் வலி இறங்கிவிடும். குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைக்கும்போது வலி, அடைப்பு நீங்கிக் குடலில் இறங்கியதும் நிம்மதி. ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோப்பி செய்வார்கள், இரைப்பை சுத்தமாக இருக்கும், அல்சர் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். வலி இறங்கிவிடுவதால் அவரும் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். கடைசியில் தமனிக்கான சிடி எடுத்துப் பார்த்தபோது கட்டியின் ஓரத்தில், பக்கத்துத் தமனி எவ்வளவு வெளுப்பாகத் தெரிந்ததோ அதே வெளுப்பில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி. அவ்வளவு சின்னதுதான் அவ்வளவு நாளும் அவரை ஆட்டிவைத்திருக்கிறது.

அப்படி ஒன்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று உங்கள் கணவர் பயப்படலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வயிற்றைத் திறக்கத் தேவைப்படாது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே கணையத்துக்குப் பக்கத்திலுள்ள தமனி வரை கொண்டுபோவார்கள். அங்கிருந்து இன்னும் மெல்லிய குழாய் ஒன்று உடைந்த இடம் வரை போகும். அதன் வழியாக மயிர்போன்ற பிளாட்டினக் கம்பிகளைத் தள்ளுவார்கள், வெளியே வந்ததும் அவை சுருண்டுகொள்ளும். உடைப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு இடத்திலும் அடைக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மற்றப் பக்கத்திலிருந்து ரத்தம் திரும்பி வந்துவிடும். பெரும்பாலும் மயக்க மருந்துகூட இல்லாமல், மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும். மண்ணீரல் தமனியையே அடைத்தாலும் மண்ணீரலுக்குச் சின்னத் தமனிகள் வழியாக ரத்தம் வருவதால் அது முழுவதும் செத்துப்போவதில்லை, சிலருக்கு ஒரு பகுதி பாதிக்கப்பட்டு சில நாள் இடது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் இருக்கும். சிங்கப்பூரின் பெரிய பொது மருத்துவமனைகளில் இதைச் செய்யும் கதிரியக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

நீர்க்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 6 செ.மீ. என்று கேட்டதும் உடனே வடிக்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். வலி, வாந்தி, காய்ச்சல், மஞ்சள் காமாலை எதுவும் இல்லாவிட்டால் பொறுத்திருப்பதே வழக்கம், நிறையக் கட்டிகள் தானே வற்றிவிடும். பின்னால் வடிக்க நேர்ந்தால், அதற்கு முன்னால் தமனிகளைப் பார்த்து சூடோஅனியூரிசம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்களா என்று நீங்களே கேட்கலாம். கட்டிக்குள் அழுத்தம் குறைந்ததும், அதுவரை அந்த அழுத்தத்தாலேயே நின்றிருந்த ரத்தம் பீறிட்டுவிடக் கூடும்.

எதற்கெல்லாம் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்? ரத்த வாந்தி, சிவப்பாக இருந்தாலும் காப்பித்தூள் கரைத்த மாதிரி இருந்தாலும் சரி. தார்போலப் பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான கெட்ட நாற்றத்தோடு போகும் கறுப்பு மலம், அதோடு தலைச்சுற்றலோ படபடப்போ இருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். திடீரென்று இடது மேல்வயிற்றில் கடுமையான வலி, இடது தோள்பட்டைக்கு ஏறும் வலி, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவது, சில்லென்று வியர்ப்பது. நடுராத்திரி என்றாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், டாக்ஸி பிடிக்கவும் வேண்டாம், வழியிலேயே மயங்கிவிட்டால் ஓட்டுநர் என்ன செய்வார்? நல்ல நிலையில் இருக்கிறார், ஆனால் மலம் மட்டும் கறுத்திருக்கிறது என்றால் நீங்களே அழைத்துப் போகலாம், ஆனால் அன்றைக்கே. பலதுறை மருந்தகத்துக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டாம், நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. போனதும் முதலில் பார்க்கும் தாதியிடம், 'கணைய அழற்சி வந்தவர், மண்ணீரல் சிரையில் உறைவு, நீர்க்கட்டி இருக்கிறது, இப்போது மலம் கறுப்பாகப் போகிறது' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வெறும் வயிற்று வலி என்று சொன்னால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். கசிவு ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் ஹீமோகுளோபின் சரியாகவே காட்டலாம் என்பதால், ஒரு ரத்தச் சோதனையோடு அனுப்பினால் மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று கேளுங்கள், தமனிகளுக்கான சிடி தேவையா என்றும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரும்பு மாத்திரை இன்னும் வேண்டுமா என்று அடுத்த சந்திப்பில் கேட்டுவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் நிறுத்தச் சொல்லலாம், நிறுத்திவிட்டால் மலம் கறுத்தால் எதனால் என்ற இந்தக் குழப்பமே இருக்காது. தொடரச் சொன்னால், இரும்பால் வரும் கறுப்பு பெரும்பாலும் கெட்டியாக, பச்சை கலந்த கறுப்பாக, தினமும் ஒரே மாதிரி இருக்கும், திடீரென்று ஒருநாள் பிசுபிசுப்பாக மாறினால் அது வேறு. வெட்கப்படாமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாயால் விவரிப்பதைவிட அது டாக்டருக்கு உதவும்.

வலி மாத்திரைகளில் கவனம். லாரி ஓட்டுபவர், முதுகுவலி கட்டாயம் இருக்கும். வீட்டு மருந்துப் பெட்டியில் எப்போதோ கிளினிக்கில் கொடுத்த பொன்ஸ்தான், சின்ஃப்ளெக்ஸ், வோல்ட்டரன், அர்காக்ஸியா இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள், இவை இரைப்பையைப் புண்ணாக்கிக் கசிவைத் தூண்டும். பராசிட்டமால் போதும், அதுவும் அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல். ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம் எதுவும் இப்போது வேண்டாம், உங்கள் மாமியார் அன்போடு கொடுத்தாலும். வேறு நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

மண்ணீரலையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டதே என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். புடைத்த சிரையிலிருந்து நிஜமாகவே ரத்தம் கொட்டி, எண்டோஸ்கோப்பி வழியாகப் பசை செலுத்தி நிறுத்தியும் அடங்காதவர்களுக்கு அது நல்ல சிகிச்சை. ஒருமுறைகூடக் கசியாத ஒருவருக்கு முன்கூட்டியே செய்வதில்லை. மண்ணீரல் போனால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும், அதற்குத் தடுப்பூசிகள் போட வேண்டும், முடிந்தால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே.

சரி, குடி. இப்போது தொடவில்லை, ஆனால் காப்பிக்கடை நண்பர்கள் ஒரு பீரால் என்ன ஆகிவிடும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கே நேராகச் சொல்கிறேன். ஐயா, உங்களுக்கு அளவு என்று ஒன்று இனிமேல் கிடையாது. இன்னொரு முறை கணையம் வீங்கினால், இன்றைக்கு ஒரு சிரையில் இருப்பது அடுத்த சிரைக்கும் தமனிக்கும் போகும். சிகரெட்டும் கணையத்தைத் தனியாகக் கெடுக்கும், குடியை விட்டுவிட்டுச் சிகரெட்டைக் கூட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்தே விடுங்கள். கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை, தனியாக முடியவில்லை என்றால் மனநலக் கழகத்தில் போதைப் பழக்கங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, போவதில் கேவலம் எதுவும் இல்லை, கணைய டாக்டரே கடிதம் கொடுப்பார்.

செலவைப் பற்றி மனைவி கவலைப்படுகிறார். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வார்டில் சேர்ந்த செலவில் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் கைகொடுக்கும், மீதி கட்ட முடியவில்லை என்றால் மருத்துவமனையின் சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள், பில் வந்த பிறகு தவிப்பதைவிட வார்டில் இருக்கும்போதே கேட்பது நல்லது. இதைப் படிக்கும் தங்குவிடுதித் தம்பிகள் யாருக்காவது இதே நோய் இருந்தால், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து கறுப்பு மலத்தை மறைக்க வேண்டாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கும்பாபிஷேகத்துக்கு வருவோம். அடுத்த மாதம் வேண்டாம். நாலு மணி நேர விமானப் பயணம் எனக்குப் பெரிய கவலை இல்லை. திருச்சியில் இறங்கி ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு ரத்த வாந்தி எடுத்தால், தமனிக்குள் கம்பி செலுத்தத் தெரிந்த ஒருவரை எத்தனை மணி நேரத்தில் அடைய முடியும் என்பதுதான் கவலை. கோயில் கூட்டத்தில், வெயிலில், விரதம் இருந்து, மாத்திரை நேரம் தவறி, உறவுக்காரர்கள் வற்புறுத்தலுக்கு நடுவில் இருப்பவர், மலம் எந்த நிறத்தில் போனது என்று கவனிக்கவா போகிறார்? பயணக் காப்பீடும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அநேகமாகப் பணம் தராது. நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு போவதாக இருந்தால், அந்த நாட்களில் அவரோடு இந்த வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், இதைப் படித்த ஒருவராக இருந்தால் நல்லது. மூன்று மாத ஸ்கேனில் கட்டி சுருங்கி, உறைவு பரவாமல், தமனிகள் சுத்தமாக இருந்தால் தாராளமாகப் போய் வரட்டும், அதற்குள் மண்டலாபிஷேகம் முடிந்திருந்தாலும் சாமி அங்கேதான் இருக்கும். போகும்போது ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டையும் டாக்டரின் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட்டு லக்கேஜில் ஏற்றிவிட வேண்டாம். போய்ச் சேர்வதற்கு முன்பே, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தமனி அடைப்புச் சிகிச்சை இரவிலும் செய்யும் மருத்துவமனை எது என்று அவருடைய அண்ணனைத் தொலைபேசியில் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.